குப்பை அழுத்தும் இயந்திரம் நம் சமையலறைக்குத் தேவையா?

புது வீடு கட்டுகிறவர்கள் சமையலறை வரைபடத்தை விரித்துவைத்துப் பேசும்போது, பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு அடுத்தபடியாக இப்போது எழும் கேள்வி டிராஷ் காம்பாக்டர் பற்றியது. டல்லாஸிலோ நியூஜெர்சியிலோ மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டுத் திரும்பிய பெற்றோர் அதை அங்கே பார்த்திருப்பார்கள். பொத்தானை அழுத்தியதும் உறுமல் சத்தம் கேட்கும். ஒரு வாரக் குப்பை ஒரே பைக்குள் அடங்கிவிடும். ஊருக்கு வந்து தெருமுனையில் வழியும் தொட்டியைப் பார்த்ததும், நாமும் ஒன்று வாங்கினால் என்ன என்று தோன்றத்தான் செய்யும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் பெரும்பாலான வீடுகளுக்கு இது தேவையில்லை. சில வீடுகளுக்கு உண்மையாகவே பயன்படும். உங்கள் வீடு இதில் எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு வாரமும் ஒரு தொங்கு தராசும் போதும். பணம் கட்டும் முன் அந்த ஒரு வாரத்தைச் செலவிடுங்கள்.

முதலில், அது என்ன செய்கிறது?

வீட்டுச் சமையலறைக்கான இந்த இயந்திரத்தை 1969-இல் அமெரிக்காவில் வேர்ல்பூல் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிப்படை அமைப்பு அன்றுபோலவே இன்றும் இருக்கிறது. சமையல் மேடைக்கு அடியில் பொருந்தும் ஒரு பெட்டி. அகலம் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர், உயரம் 86 சென்டிமீட்டர். முன்பக்கம் இழுப்பறை, அதற்குள் தடித்த பை. இழுப்பறையை மூடிப் பொத்தானை அழுத்தினால், மோட்டார் திருகுத் தண்டுகளைச் சுழற்ற, ஓர் இரும்புத் தட்டு மேலிருந்து இறங்கிக் குப்பையை அமுக்கும். மாடலைப் பொறுத்து ஒரு டன் முதல் இரண்டு டன் வரை எடை ஏற்றியது போன்ற அழுத்தம். ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்து தட்டு மேலே போய்விடும்.

நான்கு பை குப்பை ஒரு பையாகும் என்பது பொதுவான கணக்கு. ஐந்து, ஆறு பை என்றும் விளம்பரம் செய்வார்கள். உலர்ந்த அட்டைப் பெட்டி, காலி டப்பா, பிளாஸ்டிக் பாட்டில் ஆகியவற்றுக்கு இது சரிதான், ஏனென்றால் அவற்றுக்குள் இருப்பதில் பெரும்பகுதி காற்று. இயந்திரம் வெளியேற்றுவதும் அந்தக் காற்றை மட்டுமே. எடையில் ஒரு கிராம்கூடக் குறையாது. நான்கு பை குப்பையின் கனம் ஒரே பைக்குள் சேர்ந்திருக்கும். நிறைந்த பை பத்து, பன்னிரண்டு கிலோ இருக்கும். அதைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோக வேண்டியவர் யார் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் மட்டுமே இருந்தால், தினமும் ஒரு சின்ன வாளியைத் தூக்குவது அவர்களுக்கு எளிது.

இணையத்தில் தேடும்போது இன்னொரு குழப்பம் வரும். குப்பையைச் சூடேற்றி உலர்த்தி அரைக்கும் மின்சாரப் பெட்டியும், பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் பொருத்தும் உணவு அரைப்பானும், கையால் மூடியை அமுக்கும் குப்பைக் கூடையும் ஒரே தேடலில் வந்து நிற்கும். காம்பாக்டரையும் சேர்த்து நான்கும் நான்கு வேலை செய்பவை. விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதற்குள் ஈரக் குப்பை போடலாமா, கூடாதா?' போடலாம் என்றால் அது காம்பாக்டராக இருக்க வாய்ப்பு குறைவு. உண்மையான காம்பாக்டரின் கையேட்டிலேயே நாற்றமெடுக்கும் உணவுக் கழிவைத் தவிர்க்கும்படிதான் பொதுவாகச் சொல்லியிருப்பார்கள். டெல்டாச் சமையலறைக்கும் இந்த இயந்திரத்துக்கும் பொருத்தம் குலைவது இந்த இடத்தில்தான்.

ஒரு வாரம் எடைபோடுங்கள்

மூன்று வாளி வையுங்கள். முதல் வாளியில் மக்கும் குப்பை: காய்த் தோல், இலை, சோறு, காப்பித் தூள், பூ. இரண்டாவதில் உலர்ந்த, மக்காத குப்பை: கவர், பாட்டில், அட்டை, டப்பா. மூன்றாவதில் தொடவே யோசிக்க வேண்டியவை: சானிட்டரி நாப்கின், குழந்தையின் டயப்பர், பிளேடு, பேட்டரி, காலாவதியான மாத்திரை, உடைந்த பல்பு. தினமும் இரவு ஒவ்வொரு வாளியையும் தொங்கு தராசில் மாட்டி எடையைக் குறியுங்கள். கூடவே வாளி எந்த அளவுக்கு நிறைந்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். எடையைவிட இந்த இரண்டாவது குறிப்புதான் முக்கியம். அமுக்கும் இயந்திரத்தின் ஆதாயம் முழுவதும் இடத்தில்தான் இருக்கிறது.

பண்டிகை வராத சாதாரண வாரமாகத் தேர்ந்தெடுங்கள். போகிக்கு முந்தின வாரமோ, தீபாவளி முடிந்த வாரமோ, வீட்டில் கல்யாணம் முடிந்த வாரமோ எடுத்தால் கணக்கு தப்பும். பொங்கலன்று கரும்புச் சக்கையும் மஞ்சள் கொத்தும் வாழை மட்டையும் மலையாகக் குவியும். அதைப் பார்த்து ஆண்டு முழுவதற்கும் இயந்திரம் வாங்கக் கூடாது. அண்டைவீட்டார் எடைபோட்டு வைத்திருந்தாலும் அந்தக் குறிப்பை வாங்கிப் பயன்படுத்தாதீர்கள். மீன் வாங்கும் வீட்டுக் குப்பையும் வாழைத்தண்டு நறுக்கும் வீட்டுக் குப்பையும் ஒன்றாக இருக்காது.

வாரக் கடைசியில் முதல் வாளியைப் பாருங்கள். நம் பக்கத்துச் சமையலில் ஒரு வாழைப்பூவை ஆய்ந்தால் சமையலுக்குப் போவதைவிட மடலாக விழுவது அதிகம். தண்டின் பட்டையும் நாரும் அப்படித்தான். முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய் நார், கொட்டாங்கச்சி, சாப்பிட்டு மடித்த இலை, பில்டரில் மிஞ்சிய காப்பித் தூள், பூஜையில் வாடிய பூ என்று எல்லாம் இந்த வாளிக்குள்தான் வரும். இந்தியாவின் நகரக் குப்பையில் ஏறத்தாழ பாதி மக்கும் குப்பை என்பார்கள். தினமும் இருவேளை சமைக்கும் வீட்டில், எடையைப் பார்த்தால், பங்கு இன்னும் கூடும். காய்கறித் தோலில் எண்பது தொண்ணூறு சதவீதம் தண்ணீர். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. அமுக்கினால் பிழிந்து வெளியே வரும், பையின் அடியில் தேங்கும், பை கிழிந்தால் இழுப்பறைக்குள் ஓடும்.

கொட்டாங்கச்சி வேறு வகைத் தொல்லை. கடினமான பொருள் ஓரத்தில் கிடந்தால் இறங்கும் தட்டு ஒருபக்கமாகச் சாயும். சில மாடல்கள் பாதுகாப்புக்காக அங்கேயே நின்றுவிடும். வெந்நீர் அடுப்போ விறகடுப்போ உள்ள வீட்டில் அதைக் குப்பையில் சேர்க்கவே வேண்டாம்.

இனி ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல்

நான்கு பேர் உள்ள வீடு, நாளுக்கு ஒன்றரைக் கிலோ குப்பை என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு மேல் முதல் வாளிக்குப் போய்விடும். பழைய பேப்பர் கடைக்குக் கொடுக்கும் செய்தித்தாளையும் அட்டையையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது பால் கவர், மளிகை கவர், பிஸ்கட் உறை, ஒன்றிரண்டு டப்பா. எடை சொற்பம், ஆனால் தளர்வாகப் போட்டால் நாளுக்கு ஐந்து லிட்டர் இடத்தை அடைக்கும்.

காம்பாக்டரின் பை ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளும். நான்கில் ஒன்றாக அமுக்கினால் 160 லிட்டர் தளர்ந்த குப்பை அதற்குள் போகும். 160-ஐ ஐந்தால் வகுத்தால் 32. அதாவது ஒரு பை நிறைய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வாரம் ஒருமுறை வண்டி வரும் ஊரில், பெட்டி பெட்டியாகப் பொருள் வாங்கும் குடும்பத்துக்காக உருவான இயந்திரம் இது. நம் வீட்டில் அதற்குத் தீனி போதாது.

தீனி போதவில்லை என்றால் இன்னொரு சங்கடம் உண்டு. அந்தப் பை ஒரு மாதம் சமையலறைக்குள்ளேயே இருக்கும். சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியை நெருங்கும் வீட்டுக்குள், சரியாகக் கழுவாத ஒரு பால் கவர் உள்ளே இருந்தாலே போதும். காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டிய ஈரம் அழுகும் விதமே வேறு. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலை செய்து முட்டை அழுகிய நாற்றத்தைக் கிளப்பும். இயந்திரத்துக்குள் கரிவடிகட்டி இருக்கும், மணமூட்டி இருக்கும் என்பார்கள். இறால் தோல் ஒரு பிடி உள்ளே போயிருந்தால் எந்த வடிகட்டியும் தாக்குப்பிடிக்காது. எறும்பும் கரப்பானும் அடியில் குடியேறும். தரைத்தள வீடு என்றால் பெருச்சாளியும் விசாரிக்க வரும்.

உங்கள் கணக்கில் 32-க்குப் பதிலாக ஏழோ எட்டோ வந்தால் மேலே படிப்பதில் அர்த்தம் இருக்கிறது. இருபதுக்கு மேல் வந்தால், நேராக 'வாங்காமல் என்ன செய்வது' என்ற பகுதிக்குப் போய்விடலாம்.

குப்பையை வாங்கிக்கொள்பவர் என்ன கேட்கிறார்?

தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் தூய்மைப் பணியாளர் வாசலுக்கு வந்து வாங்குகிறார். ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் மூன்றுசக்கர வண்டியோடு வருகிறார்கள். உங்கள் தெருவுக்கு எந்த நேரம், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதைப் பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள். தினமும் வருகிறார் என்றால், சேர்த்துவைத்து அமுக்க வேண்டிய காரணமே இல்லை.

முக்கியமான விஷயம், அவர் பிரித்த குப்பையைக் கேட்கிறார். வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டது. மக்கும் குப்பை நுண் உரமாக்கல் மையத்துக்குப் போகிறது. மக்காததில் விலைபோவதைப் பிரித்து விற்கிறார்கள். விலைபோகாத பல அடுக்குப் பிளாஸ்டிக் சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகப் பயன்படுகிறது. சிமென்ட் ஆலைகள் நிறைந்த அரியலூர் நம் கொள்ளிடத்துக்கு அக்கரையில்தான் இருக்கிறது. இந்த ஏற்பாடு முழுவதும் குப்பை கலக்காமல், நனையாமல் வருவதை நம்பியே நடக்கிறது.

கலந்து அமுக்கிய பையில் என்ன இருக்கும்? சாம்பார் ஊறிய அட்டை, கண்ணாடித் துண்டு குத்திய பிளாஸ்டிக், தேங்காய் நாரோடு பின்னிக்கொண்ட கவர். அதை ஒருவர் கையால் பிரிக்க வேண்டும். உடைந்த பாட்டிலோ பிளேடோ உள்ளே இருப்பது வெளியிலிருந்து தெரியாது. காம்பாக்டர் வாங்கியே தீருவேன் என்று இருப்பவரிடமும் நான் வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான்: கண்ணாடியும் கூரான பொருளும் அதற்குள் போகவே கூடாது. கொசு மருந்து, வாசனைத் திரவியம் போன்றவை அடைத்த அழுத்தக் கலன்கள் வெடிக்கும். பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். இவற்றைத் தனியே தாளில் சுற்றி, அடையாளம் சொல்லிக் கொடுங்கள்.

மின்சாரம், இடம், பழுது

மின்கட்டணத்தைக் காரணம் காட்டி இதை யாராவது குறை சொன்னால் நம்பாதீர்கள். அரைக் குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு ஒரு நிமிடம் ஓடினால் மாதத்துக்கு அரை யூனிட்கூட வராது. பிரச்சினை வேறு இடத்தில். அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் இயந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் மோட்டார் மெதுவாகச் சுழலும், கூடுதலாகச் சூடாகும். மழைக்காலத்தில் மின்சாரம் நடுவில் நின்றால் தட்டு பாதிவழியில் நிற்கும், அது மேலே ஏறும்வரை இழுப்பறை திறக்காது.

நம் ஊர்க் கடைகளில் வரிசையாக வைத்து விற்கும் பொருள் இல்லை என்பதால், உதிரிபாகத்துக்கும் அந்தத் தடித்த பைக்கும் எங்கே போவீர்கள் என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேடைக்கடியில் 38 சென்டிமீட்டர் என்பது ஓர் அரிசி டிரம்மின் இடம். சொந்த நெல்லை அரைத்து அரிசி சேமிக்கும் வீட்டில் அந்த இடம் எதற்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யார் வாங்கலாம்?

மாடிக் குடியிருப்பில், கொல்லையும் இல்லாமல் பால்கனியும் சிறியதாக இருந்து, குப்பை வண்டி வாரம் ஓரிரு முறை மட்டுமே வரும் குடும்பம். வீட்டிலிருந்தபடியே இணைய வணிகம் செய்து பெட்டியும் உறையும் தினமும் சேர்க்கிறவர்கள். இரண்டுக்கும் நிபந்தனை ஒன்றே: மக்கும் குப்பைக்குத் தனி ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். அது இல்லாமல் காம்பாக்டர் வாங்குவது பாத்திரம் வாங்காமல் மூடி வாங்குவது மாதிரி.

ஜவுளிக்கடை, மளிகை மொத்த வியாபாரம், திருமண மண்டபம் நடத்துகிறவர்கள் வீட்டு காம்பாக்டரைப் பார்க்கவே வேண்டாம். அட்டைப் பெட்டி நிறையச் சேரும் இடத்துக்கு அட்டையை அமுக்கிக் கட்டாகக் கட்டும் பேலிங் இயந்திரம் இருக்கிறது; கட்டாகக் கொடுத்தால் பழைய பேப்பர் வியாபாரி வந்து ஏற்றிக்கொண்டு போவதும் எளிது. மண்டபத்தின் எச்சில் இலைக்கு எந்த அழுத்தும் இயந்திரமும் மருந்தில்லை, உரக்குழிதான் அதற்கு வழி.

வாங்காமல் என்ன செய்வது? ஈரக் குப்பைக்கு

முதல் வாளியைத் தீர்த்துவிட்டால் உங்கள் குப்பைப் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்தது. உரமாக மாறும்போது குப்பை பாதிக்கும் கீழே தானாகவே சுருங்கிவிடும். காம்பாக்டரால் குறைக்க முடியாத எடையும் குறையும், ஏனென்றால் தண்ணீர் ஆவியாகப் போகிறது, ஒரு பகுதி கரியமில வாயுவாகப் போகிறது.

டெல்டாவில் உரம் போடுவதற்குப் பொதுவான வழிகாட்டிகள் சொல்லாத ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, மண்ணும் மழையும். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் குழி தோண்டினால் அது குளமாகிவிடும். காற்றில்லாமல் ஊறிய குப்பை உரமாகாது, சேறாகி நாறும். ஆகவே இங்கே குழி வேண்டாம், தரைக்கு மேலே வையுங்கள். கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறை ஒன்றைச் செங்கல் மேல் தூக்கிவைத்து, அடியில் காற்றுப் போக இடைவெளி விட்டு, மேலே ஓலையோ தகரமோ மூடினால் போதும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை போன்ற புது ஆற்று (கல்லணைக் கால்வாய்) பாசனப் பகுதிகளில் மண் இலகுவானது, தண்ணீர் வடியும். அங்கே மேடான மூலையில் ஆழமில்லாத குழி சரிப்படும். மாடி வீட்டில் அடியில் துளையிட்ட இரண்டு மண்பானையோ பழைய பெயிண்ட் வாளியோ போதும். ஒன்று நிறைந்து மக்கும்போது மற்றொன்றை நிரப்பலாம்.

செய்முறை சுருக்கமானது. அடியில் நான்கு விரல் கனத்துக்குச் சருகு போடுங்கள். அன்றன்றைய குப்பையைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, ஒரு பங்கு குப்பைக்கு இரண்டு பங்கு என்ற அளவில் உலர்ந்த பொருளால் மூடுங்கள். தொடக்கத்தில் ஒரு கை பழைய உரமோ, காய்ந்த சாணமோ, புளித்த மோரோ சேர்த்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வாரம் ஓரிரு முறை கிளறிவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று அர்த்தம்; சருகு சேர்த்துக் கிளறுங்கள். பல நாள் ஆகியும் அப்படியே கிடந்தால் காய்ந்துபோயிருக்கும், தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மாதத்தில், சில சமயம் மூன்றில், மண்வாசனையோடு கறுத்த உரம் கிடைக்கும். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போடுங்கள்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் உலர்ந்த பொருள். குப்பை தினமும் வரும், சருகு மழையில் கிடைக்காது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் மலிந்து கிடக்கும். நறுக்கி மூட்டை கட்டிப் பரணில் போட்டுவையுங்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கயிற்று ஆலைகளில் தேங்காய் நார்க்கழிவு கிடைக்கும். ஈரத்தை உறிஞ்சுவதில் அதற்கு நிகரில்லை. அரிசி ஆலை உமி எளிதில் மக்காது, ஆனால் காற்றோட்டம் கொடுக்கும், கலந்துகொள்ளலாம். மரக்கடைத் தூளும் ஆகும். பாலிஷ், பெயிண்ட் கலந்த தூள் மட்டும் வேண்டாம். புரட்டாசி முடிவதற்குள் மார்கழி வரைக்கும் போதுமான மூட்டைகள் சேர்ந்திருக்க வேண்டும்.

மாடு வளர்க்கும் வீடு பக்கத்தில் இருந்தால் காய்த் தோலையும் கழுநீரையும் கொடுங்கள், நல்ல வழக்கம்தான். ஆனால் மீந்த சோற்றை, அதுவும் பொங்கல் சமயத்தில், குண்டான் குண்டானாகக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். மாவுச்சத்து அளவு மீறினால் மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். ரப்பர் பேண்டும் கவர் துண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

மீன், இறைச்சிக் கழிவை வாளி உரத்தில் போட்டால் பூனையும் நாயும் காவல் நிற்கும். கொல்லை இருந்தால் தென்னையடியில் முழ ஆழத்தில் புதையுங்கள். இல்லையென்றால் தாளில் சுற்றி, வண்டி வரும் காலைவரை பிரிட்ஜின் உறைபெட்டியில் ஒரு மூடிய டப்பாவில் வைத்திருங்கள். கேட்பதற்கு ஒருமாதிரி இருந்தாலும் நாற்றமே வராது.

உலர்ந்த குப்பைக்கு

இதற்கு இரும்புத் தட்டு தேவையில்லை, கால் போதும். பாட்டிலின் மூடியைத் திறந்து, மிதித்துத் தட்டையாக்கி, மூடியைத் திருகுங்கள். காற்று திரும்பப் போகாது. அட்டைப் பெட்டியைப் பிரித்து மடியுங்கள். பால் கவரின் முனையை முழுவதும் வெட்டித் துண்டாக்காமல் ஒட்டியபடியே விடுங்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டுகள்தான் யார் கைக்கும் அகப்படாமல் வாய்க்காலுக்குப் போகின்றன. அரிசி கழுவிய தண்ணீரில் கவரை அலசி, கொடியில் கவ்வி மாட்டிக் காயவைத்து, கதவுக்குப் பின்னால் ஒரு சணல் சாக்கைத் தொங்கவிட்டு அதில் திணியுங்கள். நாலு பேர் வீட்டுக்குச் சாக்கு நிறைய நாளாகும். காய்ந்த குப்பை என்பதால் இருந்தாலும் நாறாது.

பழைய பேப்பர் கடைக்காரர் தாள், அட்டை, பாட்டில், இரும்பு ஆகியவற்றை எடுப்பார். சிப்ஸ் உறையை எடுக்க மாட்டார். அதைத் தனியே சேர்த்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. கடைக்குப் போகும்போது மஞ்சப்பையையும் மாவுக்குத் தூக்கையும் எடுத்துக்கொண்டு போனாலே இரண்டாவது வாளி இளைத்துவிடும்.

அமுக்கும் இயந்திரத்துக்குப் பதிலாக வேறு இயந்திரம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. தொட்டிக்கடி அரைப்பான் எல்லாவற்றையும் கூழாக்கிக் குழாயில் அனுப்பும். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் டேங்க் சீக்கிரம் நிறையும், வாழை நார் குழாயில் சுற்றிக்கொள்ளும். மின்சார உலர்த்திப் பெட்டி தருவது உரம் அல்ல, உலர்ந்த தூள். மண்ணில் கலந்து சில வாரம் மக்கவிட்ட பிறகே செடிக்குப் போடலாம். அதற்கு மின்செலவும் உண்டு. கொல்லை இல்லாத, பானையைக் கிளற முடியாத மூத்தவர்கள் வீட்டுக்கு மட்டும் அதைப் பரிசீலிக்கலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு

கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தாயிற்று, அல்லது மாடுலர் சமையலறையோடு பொருத்தியாயிற்று என்றால் கவலை வேண்டாம், உலர்ந்த குப்பைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போகும் பொருளை அதில் போடாதீர்கள். கலந்து அமுக்கினால் விலை போகாது. அடியில் ஒரு மடிப்புச் செய்தித்தாளை விரித்த பிறகே பையை மாட்டுங்கள். டப்பா போன்ற கடினமான பொருளை நடுவில் வைத்து, மேலே கவரைப் பரப்பி, பிறகு பொத்தானை அழுத்துங்கள். பை நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். தூக்க முடிகிற கனம் வந்ததும் மாற்றிவிடுங்கள். கட்டிய பையின் மேல் 'உலர்ந்தது' என்று எழுதிக் கொடுத்தால் வாங்குபவர் திறந்து பார்க்கும் வேலை மிச்சம்.

எர்த் இணைப்புள்ள தனி பிளக்கில் மாட்டுங்கள், நீட்டிப்புக் கம்பி கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில், சாவி வைத்த மாடலாக இருந்தால் வேலை முடிந்ததும் சாவியைக் கழற்றி மேல் அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து, தட்டின் அடிப்பக்கத்தைச் சோப்புத் துணியால் துடையுங்கள். கண்ணாடிச் சில்லு ஒட்டியிருக்கலாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒருநாள் பழுதாகி உதிரிபாகமும் கிடைக்கவில்லை என்றால், பெட்டியை எடுத்துவிட்டு அந்த 38 சென்டிமீட்டர் இடத்தில் தச்சரைக் கொண்டு சக்கரம் வைத்த இழுப்பறை ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். பத்து லிட்டர் வாளிகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, தாராளமாக நிற்கும்.